ஆறு கிலோ துப்பாக்கியை மலைக்குத் தூக்கிப் போகிறவனுக்கு: எடையை எங்கே குறைப்பது?

கேள்வி

அண்ணா, கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து எழுதுகிறேன். போன குளிர்காலத்தில் தார் என்னும் மலையாட்டை வேட்டையாட மலை ஏறியபோது துப்பாக்கி வார் தோளை அறுத்துவிட்டது. 6.5 கிரீட்மோர் தோட்டா போடும் துப்பாக்கி, 24 இன்ச் பேரல், லேமினேட் மர ஸ்டாக் (தோளில் அணைக்கும் உடல்), பெரிய ஸ்கோப், பைபாட் (முன்னால் ஊன்றும் இருகால்), சைலன்சர். எல்லாம் சேர்ந்து 6 கிலோவைத் தாண்டுகிறது. 4 கிலோ பக்கம் கொண்டுவரணும், ஆனால் 400 மீட்டர் வரை நம்பிச் சுடும் வசதி போகக்கூடாது. கூட வருகிற ஒருவர், பேரலை லேத்தில் கொடுத்து மெல்லிசாகக் கடைந்துவிடு, அரை கிலோ போய்விடும் என்கிறார். நீ இத்தனை வருஷமாக லேத் ஓட்டுகிறாய், உன்னையே கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

பிப்ரவரி 9

பேரலைத் தொடாதே. மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம், இதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

வியாசர்பாடிப் பட்டறைக்கு வரும் வேலையில் பெரும்பகுதி நீள ஷாஃப்ட், அதிலும் காசிமேட்டுப் படகுகளுக்கான ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் நிறைய. செம்புதாஸ் தெருவில் பிரைட் பார் என்று வாங்குகிறோமே, சூடு ஏற்றாமல் டையில் இழுத்த கம்பி, அதில் ஒரு கீவே, அதாவது நீளவாக்கில் ஒரு பள்ளம், வெட்டிப் பார்த்தால் தெரியும். வைஸில் பிடித்திருக்கும் வரை வளைவை அளக்கும் டயல் முள் அசையாது. கழற்றி வி பிளாக்கில் போட்டு உருட்டினால் முள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடும். கம்பிக்குள் அடைபட்டிருந்த இறுக்கம் ஒரு பக்கம் மட்டும் விடுபட்டதால் கம்பி தானாக வளைந்துகொள்கிறது, வெட்டிய ஆள் என்ன கவனமாக வெட்டியிருந்தாலும்.

துப்பாக்கி பேரலும் இதே கதைதான். அமெரிக்கர்கள் 4140 என்று சொல்லும் குரோம் மாலி எஃகு நம் மார்க்கெட்டின் ஈஎன் 19-க்கு ஏறக்குறைய சமம். உள்ளே சுழல் வரி போட இரண்டு வழி பரவலாக இருக்கிறது: கடினமான கார்பைடு பொத்தானை உள்ளே இழுத்து அமுக்கியே வரி பதிப்பது ஒன்று, சின்ன வெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்குவது இன்னொன்று. பொத்தான் முறையில் இறுக்கம் உள்ளேயே தங்கும். சூடேற்றித் தணித்துத்தான் விற்கிறார்கள், ஆனாலும் மிச்சம் இருக்கும். அப்புறம் வெளித்தோலைச் சீவினால் உள்விட்டம் எங்கேயாவது ஒரு நூலிழை விரிந்துகொள்ளும். அது முனைப் பக்கம் விரிந்தால் குறி போச்சு. இன்னொன்று, துளை வெளிவிட்டத்துக்குச் சரியாக நடுவில் இருக்கும் என்று யாரும் உனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. அத்தனை நீளத் துளையில் டிரில் கொஞ்சமாவது விலகியிருக்கும். வெளியே மெல்லிசாக்கினால் ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிவு. சூடு ஏறும்போது மெலிந்த பக்கம் ஒரு மாதிரி விரியும், தடித்த பக்கம் வேறு மாதிரி விரியும்.

இங்கே அனுப்பு, நானே கடைந்து தருகிறேன் என்று சொல்வேன் என்றும் எதிர்பார்க்காதே. 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கியைப் பழுது பார்ப்பதே குற்றம். பேரலைச் சுருக்குவதற்கென்று 6-ஆம் பிரிவு தனியாகவே இருக்கிறது. அங்கே இந்த வேலையையே தொழிலாகச் செய்யும் கன்ஸ்மித்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போ.

அதற்கு முன் ஒரு காரியம் செய். துப்பாக்கியை முழுக்கக் கழற்றி, ஒவ்வொரு உருப்படியையும் சமையலறைத் தராசில் தனியாக வைத்து எழுதி அனுப்பு. மொத்த எடையை வைத்துக்கொண்டு பேசிப் பிரயோஜனம் இல்லை.

பிப்ரவரி 12

கணக்கு வந்துவிட்டது. பேரல், ஆக்‌ஷன் (தோட்டாவை ஏற்றிப் பூட்டும் பகுதி), போல்ட் (அதற்குள் முன்னும் பின்னும் ஓடும் தண்டு) மூன்றும் சேர்ந்து 2,150 கிராம். ஸ்டாக் 1,300. மேகசினும் அடித்தகடும் டிரிகர் கார்டும் 300. ஸ்கோப் 1,020. ஸ்கோப்பைப் பிடிக்கும் ரயிலும் வளையங்களும், எல்லாம் எஃகு, 260. பைபாட் 420. சைலன்சர் 430. வார் 170. நான்கு தோட்டா 90. ஆக 6,140.

பார்த்தாயா தம்பி, சுடுகிற இயந்திரம் 2,150 கிராம்தான். மீதி நாலு கிலோ அதன் மேலும் கீழும் மாட்டியிருக்கிற சாமான். அரை கிலோவுக்காகப் பேரலை லேத்தில் ஏற்றச் சொல்கிறவர் இந்த நாலு கிலோவைப் பார்க்கவே இல்லை.

பிப்ரவரி 13

தோட்டா எடையை ஏன் சேர்த்தேன் என்று இதைப் படித்துவிட்டு ஒருவர் கேட்கிறார். சுமப்பது தோளில், கடைக்காரர் விளம்பரத்தில் இல்லை. தயாரிப்பாளர் சொல்லும் எடை எப்போதும் ஸ்கோப், வளையம், வார், தோட்டா எதுவும் இல்லாத எடை. 2.9 கிலோ என்று படித்துவிட்டு வாங்குகிறவர்கள் மலையில் 4.5 கிலோவைத் தூக்கிக்கொண்டு நிற்பது அதனால்தான்.

பிப்ரவரி 16

ஸ்டாக்கிலிருந்து தொடங்கலாம். ஒரு கன சென்டிமீட்டர் எஃகு 7.85 கிராம், டைட்டானியம் 4.5, அலுமினியம் 2.7, ரெசினில் ஊறிய கார்பன் ஃபைபர் 1.6 சுமார். மரம் இதையெல்லாம்விட லேசுதான், ஆனால் மரத்துக்குப் பலம் வேண்டுமென்றால் தடிமனாக வைக்க வேண்டும், லேமினேட் என்றால் அடுக்குக்கு அடுக்கு பசை வேறு. கார்பன் ஸ்டாக் வெளியே மெல்லிய ஓடு, உள்ளே நுரை. நல்லது 650 முதல் 700 கிராம் வரும். உன் கணக்கில் 620 கிராம் அங்கேயே போய்விடும். பேரலைக் கடைந்து எடுக்க நினைத்ததைவிட அதிகம், அதுவும் குறியைத் தொடாமல்.

விலை குறைந்த பிளாஸ்டிக் ஸ்டாக் வேண்டாம். எடை குறையும், ஆனால் முன்பகுதி கையால் அழுத்தினாலே வளையும். பையின் மேல் சாய்த்துச் சுடும்போது அது எழும்பிப் பேரலைத் தொடும். ஒவ்வொரு முறை ஒவ்வொரு அழுத்தத்தில் தொட்டால் குண்டு ஒவ்வொரு முறை வேறு இடத்துக்குப் போகும். பத்து ரூபாய் நோட்டை மடிக்காமல் பேரலுக்கும் ஸ்டாக்குக்கும் நடுவில் நுழைத்து ஆக்‌ஷன் வரை இழுத்துப் பார், சிக்காமல் போகணும். அப்புறம் ஸ்டாக்கின் முன்பகுதியைப் பையில் அழுத்திக்கொண்டு திரும்ப இழுத்துப் பார். இரண்டாவது சோதனையைத்தான் யாரும் செய்வதில்லை.

அடுத்தது ஸ்கோப். 1,020 கிராம் ஸ்கோப்பை எதற்கு வாங்கினாய் என்று எனக்குத் தெரியும், ஆயிரம் மீட்டர் இரும்புத் தகடு சுடும் ஆட்கள் அதைத்தான் வைத்திருக்கிறார்கள். நீ சுடப்போவது 400 மீட்டருக்குள் நிற்கும் ஆடு. பத்து மடங்கு பெருக்கம் தாராளம். முன்கண்ணாடி விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளி வட்டம் கிடைக்கும்: 44 மி.மீ கண்ணாடி, 10 மடங்கு என்றால் 4.4 மி.மீ. விடியற்காலை மங்கலிலும் நம் வயதுக் கண்மணி அதைவிடப் பெரிதாக விரிவது கம்மி. 56 மி.மீ கண்ணாடியின் கூடுதல் ஒளி உன் கண்ணுக்குள் நுழையவே போவதில்லை, சுமை மட்டும் உன்னுடையது. 30 மி.மீ குழாய், 3 முதல் 15 மடங்கு, 44 கண்ணாடி, சுமார் 560 கிராம் என்று தேடு. ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதே: டயலைப் பத்து கிளிக் திருப்பினால் குறியும் பத்து கிளிக் நகரணும், திரும்ப வைத்தால் அதே இடத்துக்கு வரணும். அதில் சந்தேகம் இருக்கும் லேசான ஸ்கோப்பைவிட நம்பகமான கனத்த ஸ்கோப் எவ்வளவோ மேல்.

பிப்ரவரி 20

கொளத்தூர் நண்பர் ஒருவர் கேட்டது: பேரலில் நீளவாக்கில் பள்ளம் வெட்டி, ஃப்ளூட் போட்டால் எடையும் குறையும், விறைப்பும் கூடுமாமே?

விறைப்பு அதிகமாகாது. இருக்கிற பேரலிலிருந்து உலோகத்தை எடுத்துவிட்டு அது முன்பைவிட விறைப்பாகும் என்றால் அதை நான் என் பட்டறையில் தினமும் செய்வேன். உண்மை என்னவென்றால், ஒரே எடையுள்ள இரண்டு பேரலில் தடித்த பேரலில் பள்ளம் போட்டது, பள்ளமில்லாத மெல்லிய பேரலைவிட விறைப்பாக இருக்கும். ஒப்பீடு எதனோடு என்பதை விட்டுவிட்டுப் பாதியை மட்டும் சொல்லிப் பரப்புகிறார்கள்.

மெல்லிசாக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு போட்டுப் பார்த்தேன். வளைவதை எதிர்க்கும் பலம் விட்டத்தின் நான்காம் மடிக்கு ஏற்ப மாறும். 18 மி.மீ பேரலை 16 மி.மீ ஆக்கினால், 6.5 துளையைக் கழித்து, எடை சுமார் 24 சதவீதம் குறைகிறது, விறைப்பு சுமார் 38 சதவீதம் குறைகிறது. இந்த வியாபாரம் எனக்குக் கட்டுப்படியாகவில்லை.

இதற்காக மெல்லிய பேரலே கெட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தொழிற்சாலையிலேயே மெல்லிசாகச் செய்து, இறுக்கம் தணித்து வருவது வேறு. வேட்டையில் சுடுவது ஒன்று, மிஞ்சினால் மூன்று குண்டு. அதற்குள் மெல்லிய பேரலும் அவ்வளவாகச் சூடேறாது. முதல் குண்டு, ஆறின பேரலில், எங்கே போகிறது என்பதுதான் முக்கியம்.

பிப்ரவரி 21

16-ஆம் தேதி எழுதியதோடு ஒன்றைச் சேர்க்கணும். பேரல் ஸ்டாக்கைத் தொடவே கூடாது என்று சொன்னேன். மேற்கு வர்ஜீனியாவில் மெல்வின் ஃபோர்ப்ஸ் என்பவர் 1980களில் லேசான துப்பாக்கிகள் செய்ய ஆரம்பித்தார். மாடல் 20 என்று பெயர், ஆக்‌ஷன் மட்டும் 20 அவுன்ஸ், நம் கணக்கில் 567 கிராம். முழுத் துப்பாக்கி ஸ்கோப் இல்லாமல் 5 பவுண்டு பக்கம். அவர் நேரெதிராகச் செய்தார், பேரலை முழு நீளத்துக்கும் ஸ்டாக்கில் ஒட்ட அமர்த்தினார். அது வேலை செய்ததற்குக் காரணம், கெவ்லரும் கார்பனும் போட்ட அவருடைய ஸ்டாக் அந்த மெல்லிய பேரலைவிட விறைப்பானது. ஆக, எங்கும் தொடாமல் இருப்பதும் சரி, எங்கும் ஒரே சீராகத் தொடுவதும் சரி. ஒரு நாள் தொட்டு ஒரு நாள் தொடாமல் இருப்பதுதான் கெடுதல்.

அவரிடம் எனக்குப் பிடித்தது இன்னொன்று. பெரிய ஆக்‌ஷனை எடுத்து ஓட்டை ஓட்டையாகப் போட்டு எடை குறைக்கவில்லை. தோட்டாவின் அளவுக்கு ஏற்ற சின்ன ஆக்‌ஷனை முதலிலிருந்தே செய்தார். போல்ட் கைப்பிடிக் குமிழைக் குடைந்து 20 கிராம், போல்ட்டில் பள்ளம் வெட்டி 30 கிராம் என்று விற்கிறார்கள் இப்போது. அந்தக் காசுக்கு ஒரு நல்ல ஸ்லீப்பிங் பேக் வாங்கினால் அரை கிலோ குறையும்.

பிப்ரவரி 27

என் மகள் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுடுகிறாள். அந்த விளையாட்டில் துப்பாக்கி 5.5 கிலோ வரை இருக்கலாம் என்று சர்வதேச விதி. அவர்கள் எடையைக் குறைப்பது இல்லை, கூட்டுகிறார்கள். பேரல் முனைப் பக்கம் சின்னச் சின்ன எடைத் துண்டுகளை மாட்டி, திருகி, முன்னே பின்னே நகர்த்தி, மணிக்கணக்கில் பார்க்கிறாள். பத்துப் புள்ளி வட்டம் அரை மி.மீ, அதில் நிற்கணும் என்றால் முனை ஆடக்கூடாது, முனை ஆடாமல் இருக்க அங்கே கனம் வேண்டும். நேற்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து உன் கணக்கைத் திரும்பப் பார்த்தேன். நீ கேட்கிற எடைக் குறைப்புக்கு ஒரு விலை உண்டு, அதை நான் இதுவரை சரியாகச் சொல்லவில்லை.

ஒன்று, உதை. குண்டு 9.3 கிராம், நொடிக்கு 820 மீட்டர். வெடிமருந்து 2.7 கிராம், அது எரிந்த வாயு சுமார் 1,430 மீட்டர் வேகத்தில் வெளியேறும். இரண்டும் சேர்ந்து எதிர்ப்பக்கம் தள்ளுவது எப்போதும் அதே அளவுதான், ஆனால் துப்பாக்கி லேசாக லேசாக அது வேகமாகப் பின்னால் வரும். 6.14 கிலோவில் உன் தோளுக்கு வரும் ஆற்றல் 11 ஜூல் சுமார். 4 கிலோவில் 16.5. 3 கிலோவில் 22. இதே 3 கிலோவில் .300 வின்செஸ்டர் மேக்னம் என்ற பெரிய தோட்டா வைத்திருந்தால் 50 ஜூல் பக்கம் போகும், அதை ஒருத்தர் கண்ணை மூடாமல் சுடுவது கஷ்டம். சைலன்சர் வாயுவின் பங்கைக் கொஞ்சம் விழுங்கிவிடும், அதனால் உனக்கு இதைவிடக் குறைவாகவே வரும். கிரீட்மோர் வைத்திருப்பது உன் நல்ல நேரம்.

இரண்டாவது, டிரிகர். டிரிகரை இழுக்க ஒன்றரை கிலோ விசை தேவை என்றால், அதே விசை துப்பாக்கியையும் அசைக்கப் பார்க்கும். ஆறு கிலோ அசையாது. மூன்று கிலோ அசையும். லேசாக்குகிறவன் டிரிகரையும் கன்ஸ்மித்திடம் காட்டிப் பாதுகாப்பான அளவுக்குச் சுத்தமாக்கிக்கொள்ளணும், பிடியையும் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி வைக்கணும்.

ஆகவே 4 கிலோவோடு நிறுத்து. நண்பர் 3 கிலோவில் வைத்திருக்கிறார் என்று பார்த்து ஆசைப்படாதே. 150 மீட்டரில் காட்டுக்குள் சுடுகிறவருக்கு அது போதும், உனக்கு 400 மீட்டர் வேணும்.

மார்ச் 8

பெரம்பூர் அக்கா ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். நம் மாநில விலங்கு வரையாடு, அதைக் காப்பாற்ற 2022 டிசம்பரில் தனித் திட்டமே வந்தது, அதன் சொந்தக்கார ஆட்டைச் சுட நீங்கள் கிராம் கணக்கு போடுகிறீர்களா என்று.

அக்கா, கோபம் நியாயமானது. இங்கே 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது, வேட்டை முடிந்த கதை, முடிந்ததில் எனக்கு முழுச் சம்மதம். வால்பாறை மலைப்பாதையில் வரையாட்டைப் பார்த்தவன் நான். ஓரத்துப் பாறையில் நான்கு காலையும் ஒரே இடத்தில் சேர்த்து நிறுத்திக்கொண்டு ஒரு குட்டி எங்கள் வண்டியைப் பார்த்தது, அதன் கீழே பள்ளத்துக்கு அடியே தெரியவில்லை. அதைச் சுட நினைப்பவனோடு எனக்குப் பேச்சு இல்லை.

நியூசிலாந்து நிலைமை வேறு. அந்தத் தீவுகளுக்குச் சொந்தமான தரைப் பாலூட்டி வௌவால் மட்டும்தான். 1904-இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டு கோமகன் தன் பண்ணையிலிருந்து இமாலயத் தார் ஆடுகளை அன்பளிப்பாக அனுப்பினார், மவுண்ட் குக் பக்கம் அவிழ்த்துவிட்டார்கள். அங்கே சிறுத்தை இல்லை, செந்நாய் இல்லை, பனிச்சிறுத்தை இல்லை. ஆடு பெருகிப் பெருகி, மேயும் மிருகமே இல்லாமல் வளர்ந்த மலைச்செடிகளை மொட்டையடித்தது. 1993-இல் அரசு ஒரு கட்டுப்பாட்டுத் திட்டம் போட்டு 10,000-க்கு மேல் போகக்கூடாது என்றது. எண்ணிக்கை மிஞ்சும்போது அரசே ஹெலிகாப்டரிலிருந்து சுடுகிறது. தம்பி மாதிரி ஆட்கள் அனுமதி வாங்கி நடந்து போய்ச் சுட்டு, இறைச்சியைச் சுமந்து வருகிறார்கள், வீட்டில் சமைக்கிறார்கள்.

இமயமலையில் அதே ஆடு அழிவை நெருங்கும் நிலைப் பட்டியலில் இருக்கிறது. வந்த இடத்தில் அதிகம், பிறந்த இடத்தில் குறைவு. இது எனக்கும் வலிக்கிறது. அப்புறம் ஒரு சின்னத் திருத்தம்: நம் வரையாடு அதற்கு அவ்வளவு நெருங்கிய சொந்தம் இல்லை. 2005-இல் வந்த மரபணு ஆய்வுக்குப் பிறகு இதைத் தனிப் பேரினமாக வைத்துவிட்டார்கள், இமாலய ஆட்டைவிடச் செம்மறிக்குத்தான் நெருக்கமாம்.

இந்த எடைக் கணக்கு முழுக்க நான் போடுவதும் அந்த ஆட்டை நினைத்துத்தான். அது நிற்பது செங்குத்துப் பாறை. தவறான இடத்தில் குண்டு பட்டால் அடிபட்டு, போய்ச் சேரமுடியாத இடுக்கில் விழுந்து கிடந்து சாகும். துப்பாக்கி கனமாக இருந்தால் சுடுகிறவன் மூச்சு இரைக்க மேலே போய்ச் சேர்வான், கை நடுங்கும். மிகவும் லேசாக இருந்தால் முனை நடுங்கும். இரண்டுக்கும் நடுவில் ஓரிடம் கண்டுபிடிக்கணும், அதுதான் கேள்வி.

மார்ச் 15

டைட்டானியம் ஆக்‌ஷன் வாங்கலாமா என்று தம்பி கேட்கிறான். 200 கிராம் சுமார் குறையும். டைட்டானியம் எப்போதாவது கடைந்திருக்கிறேன். சூட்டை உள்ளே கடத்தாது, எல்லாச் சூடும் டூல் முனையிலேயே நிற்கும், மெல்லிய சுருள் தீப்பிடிக்கும், டூல் தீர்ந்துகொண்டே போகும். அந்தக் கூலிதான் விலையில் ஏறுகிறது. டைட்டானியத்தோடு டைட்டானியம் உரசினால் பிடித்துக்கொள்ளும் குணமும் உண்டு, மேல்பூச்சு நன்றாக இருக்கணும். இருக்கிற எஃகு ஆக்‌ஷன் ஓடட்டும்.

கார்பன் சுற்றிய பேரலும் அப்படியே. உள்ளே மெல்லிய எஃகுக் குழாய், மேலே கார்பன். அதே தடிமனுள்ள முழு எஃகுப் பேரலைவிட ரொம்ப லேசு. தொழிற்சாலை மெல்லிய எஃகுப் பேரலைவிட லேசா என்றால் பெரும்பாலும் இல்லை. தடித்த பேரலின் விறைப்பு வேண்டும், எடை வேண்டாம் என்பவருக்கு அது சரி. உன் பேரல் நன்றாகச் சுடுகிறது, மாற்றக் காரணம் இல்லை.

மார்ச் 29

சாமான் எல்லாம் வந்து மாட்டிவிட்டான். ஸ்டாக் 680. ஸ்கோப் 560. அலுமினிய மவுண்ட் 110. அடித்தகடு அலுமினியம், கழற்றும் மேகசின் இல்லாமல் உள்ளேயே தோட்டா வைக்கும் வகை, 120. டைட்டானியம் சைலன்சர் 280. மெல்லிய வார் 80. பைபாட் கிடையாது, முதுகுப்பையே சாய்மானம். மொத்தம் தோட்டாவோடு 4,070. பேரலில் ஒரு கிராம்கூட எடுக்கவில்லை.

ஆனால் கையில் எடுத்ததும் மூக்கு கவிழ்கிறதாம். எதிர்பார்த்ததுதான். பின்பக்கமும் நடுவும் ஒன்றரை கிலோ போய்விட்டது, முன்னால் அதே பேரல், அதன் நுனியில் சைலன்சர். விரலில் வைத்தால் சமமாகத் தாங்கும் இடம் மேகசினுக்கு முன்னால் நாலு விரல் தள்ளிப்போய்விட்டது. படுத்துச் சுடும்போது இது நல்லது, என் மகள் எடை மாட்டுவது இதற்காகத்தானே. நடக்கும்போதும், பாறையில் உட்கார்ந்து அவசரமாகத் திரும்பும்போதும் தொல்லை. சைலன்சரோடு நீளமும் அதிகம், புதரிலெல்லாம் இடிக்கும்.

இப்போதுதான் பேரலைப் பற்றி யோசிக்கலாம். மெல்லிசாக்குவது இல்லை, நீளத்தைக் குறைப்பது. 18 மி.மீ பேரலில் ஒரு இன்ச் வெட்டினால் 44 கிராம் போகும், 24-ஐ 20 ஆக்கினால் 176 கிராம், அத்தனையும் நுனியிலிருந்து. நுனியில் குறையும் கிராம் நடுவில் குறைவதைவிட அதிகமாகத் தெரியும். வெட்டியபின் மிச்சப் பேரல் குட்டையாவதால் விறைப்பு கூடும். விலை வேகம்: இன்சுக்கு 7, 8 மீட்டர் என்று வைத்தால் நொடிக்கு 30 மீட்டர் குறையும், 820 என்பது 790. 400 மீட்டரில் குண்டு கொஞ்சம் கூடுதலாகத் தாழும், டயலில் இரண்டு மூன்று கிளிக், காற்று கொஞ்சம் அதிகமாகத் தள்ளும். ஏற்கலாம்.

வெட்டுவது சுலபம். வெட்டிய முனையைத் துளைக்குச் சரிசெங்குத்தாக முடிப்பதுதான் வேலை, கிரவுன் என்பார்கள். குண்டு கடைசியாகத் தொடும் இடம் அது. ஒரு பக்கம் வாயு முன்னால் கசிந்தால் குண்டைத் தடம் மாற்றிவிடும். சைலன்சர் மரையும் துளையை வைத்து டயல் பண்ணிப் போடணும், வெளிவிட்டத்தை வைத்து அல்ல. சாய்ந்திருந்தால் குண்டு சைலன்சர் உள்தட்டில் உரசும். இதைக் கேட்டுவிட்டுக் கன்ஸ்மித்திடம் கொடு. எப்படி டயல் பண்ணுவீர்கள் என்று கேட்டால் நல்ல ஆள் சந்தோஷமாக விளக்குவார்.

மொத்த நீளமும் பார்த்துக்கொள், அங்கே 762 மி.மீட்டருக்குக் கீழே போனால் சட்டத்தில் கைத்துப்பாக்கி ஆகிவிடும். 20 இன்ச் பேரலில் அந்தப் பயம் இல்லை.

மார்ச் 30

சைலன்சரையே கழற்றிப்போட்டால் இன்னும் 280 கிராம் என்று எழுதியவருக்கு: வேண்டாம். திறந்த வெடிச் சத்தம் 160 டெசிபல் பக்கம், 140-லேயே காது கெடும். உதையைக் குறைக்க மசில் பிரேக் மாட்டினால் சத்தம் பக்கவாட்டில் இன்னும் மோசம், பக்கத்தில் படுத்திருப்பவர் கதி என்ன. பட்டறையில் கிரைண்டர் சத்தத்தில் காது போன பெரியவர்களைப் பார்த்து வளர்ந்தவன், இந்த 280 கிராமை நான் குறைக்கச் சொல்ல மாட்டேன்.

ஏப்ரல் 19

வெட்டி வந்துவிட்டது. 3,890 கிராம், தோட்டாவோடு. தாங்கும் இடம் இரண்டு விரல் பின்னால் வந்திருக்கிறது. நூறு மீட்டரில் மூன்று குண்டு ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்குகிறது என்று படம் அனுப்பினான். படுத்து, பையில் சாய்த்து, ஆற அமரச் சுட்டது அது. உட்கார்ந்து, முழங்காலில் வைத்து, ஓடி வந்து மூச்சு வாங்கும்போது எப்படி என்று கேட்டேன். அந்தத் தாளையும் அனுப்பினான், இரண்டு மடங்குக்கு மேல் பரவல். முன்பிருந்த ஆறு கிலோவில் அந்தப் பரவல் இதைவிடக் குறைவு என்றும் அவனே எழுதியிருக்கிறான்.

ஆக நானூறு மீட்டர் என்பது இனிப் படுத்துச் சுட இடம் கிடைத்தால் மட்டும். உட்கார்ந்தால் 200. நின்றால் சுடாதே, கிட்டே போ.

மே 4

கேரம் கிளப் வாசலில் இந்தப் பேச்சு வந்து, இரண்டு கிலோவுக்கு இவ்வளவு செலவா, ஆளே இரண்டு கிலோ இளைத்தால் போதாதா என்றார்கள். இளைக்கட்டும், நல்லதுதான். ஆனால் உடம்பின் எடையை இடுப்பும் காலும் பிறந்ததிலிருந்து சுமந்து பழகியவை, தோளில் ஒரு பக்கமாகத் தொங்கி ஆடும் எடை அப்படியில்லை. ஒரு பக்க வார் மலைச்சரிவில் வழுக்கும்போது கையை அதற்கே கொடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் தம்பியிடம் வாரையே நம்பாதே, ஏறும்போது துப்பாக்கியை முதுகுப்பையின் பக்கவாட்டில் நிமிர்த்திக் கட்டு, சேம்பரில் தோட்டா இல்லாமல், என்று சொல்லியிருக்கிறேன். அதே 3,890 கிராம்தான், இடுப்புப் பட்டையில் இறங்கினால் பாதியாகத் தெரியும். இதற்குச் செலவு இரண்டு பட்டை.

ஜூன் 1

தம்பி போய்விட்டு வந்தான். முதல் ஆட்டை 350 மீட்டரில் பார்த்தும் சுடவில்லை, காற்று பள்ளத்தாக்கில் இரண்டு திசையில் அடித்ததாம். சுற்றி ஏறி 180-க்குப் போய்ப் படுத்து ஒரே குண்டு. அந்தச் சுற்று ஏறுவதற்குத் தெம்பு இருந்தது என்கிறான். போன வருஷம் அந்தத் தெம்பு இருந்திருக்காது, இருந்த இடத்திலிருந்தே சுட்டிருப்பேன் என்றும் எழுதியிருக்கிறான். இதைப் படித்தபோது எனக்கு அவ்வளவு நிம்மதி.

ஜூன் 3

இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள், அதனால்: ஸ்கோப் வளைய ஸ்க்ரூவை அலுமினிய மவுண்ட்டில் எஃகு அளவுக்கு முறுக்காதீர்கள், மரை பிய்ந்துவிடும். முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் வாங்குங்கள், தயாரிப்பாளர் எழுதியிருக்கும் அளவுக்கு நிறுத்துங்கள், ஆக்‌ஷன் ஸ்க்ரூவுக்கும் அப்படியே. எந்த உருப்படியை மாற்றினாலும், வாரின் கொக்கியைத் தவிர, திரும்ப ஜீரோ பார்க்காமல், அதாவது ஸ்கோப் காட்டும் இடத்தில் குண்டு படுகிறதா என்று பார்க்காமல், மலைக்குப் போகாதீர்கள். விமானத்தில் போய் இறங்கினாலும் ஒரு முறை பாருங்கள்.